சோ என்றால் சோறு, சோ என்றால் தளபதி

எங்கள் குசினியில், அதுதான் சமையலறையில், 'சோ' என்றால் முதலில் சோறுதான். பிறகு அது ஒரு சீனத் தளபதியின் பெயராயிற்று. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு நான் பட்ட பாட்டை எழுதித் தரும்படி, சாப்பாட்டுக் கடைகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் கேட்டீர்கள். எழுந்து நின்று பேசச் சொல்லியிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். எழுதும்போது ஒருவரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் சம்மதித்தேன்.

தட்டை எந்தப் பக்கத்தால் வைப்பது, தண்ணீர்ப் போத்தலை எப்போது மாற்றுவது என்பதெல்லாம் உங்களுக்கு வேலை இடத்திலேயே காட்டித் தருவார்கள். அதை நான் எழுதவில்லை. ஒரு மேசையே வாயை மூடிக்கொண்டு உங்களைப் பார்க்கும் நேரம் ஒன்று எல்லாருக்கும் வரும். எனக்கு அது வந்த கதையை மட்டும் எழுதுகிறேன். அங்கே பேசப்பட்டதில் பாதி பிரெஞ்சு, மீதி சீனம். எனக்குத் தெரிந்த பேச்சில்தான் அதை எழுத முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாரிசில் லா சப்பல் பகுதியில், தூண்களுக்கு மேலே மெத்ரோ ரயில் ஓடும் தெருவுக்குப் பின்னால், மதாமின் சீனச் சாப்பாட்டுக் கடை இருந்தது. மதாம் சீனப் பெண்மணி, ஆனால் பிறந்தது கம்போடியாவில். எங்களைப் போலவே சண்டைக்குத் தப்பி வந்தவர். வாசலில் சிவப்பு விளக்கு, பலகையில் சீன எழுத்து, உள்ளே மீன் தொட்டி எல்லாம் இருந்தன. குசினியில் தாச்சிச் சட்டி பிடிக்கும் கைகள் மட்டும் முழுக்க யாழ்ப்பாணத்துக் கைகள். பெரிய சமையல்காரரை எல்லாரும் செஃப் அண்ணை என்று கூப்பிடுவோம். சீனச் சமையலை மதாமின் தாயிடம் பழகியவர், மதாமைவிட நன்றாகச் செய்வார். மதாமே அதைச் சொல்லுவார், சம்பளம் கூட்டிக் கேட்காத நாட்களில்.

நான் அங்கே கோப்பை கழுவப் போனவள். கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றால் சுவரைத்தான் பார்க்க வேண்டும், எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு நாள் பரிமாறுகிற பையன் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுவிட்டான். மதாம் வந்து, "றீற்றா, கையைத் துடைச்சுக்கொண்டு வெளியிலை வா" என்றார்.

"மதாம், எனக்குக் கதைக்கத் தெரியாது."

"நல்லது. முந்தினவன் கதைச்சுக் கதைச்சுத்தான் சூப் எல்லாம் ஆறினது."

அப்படித்தான் நான் சாலுக்கு வந்தேன். சால் என்றால் சாப்பிடுகிறவர்கள் இருக்கும் கூடம். அங்கே என் பெரிய பயம் எழுதுவது. பிரெஞ்சைக் காதால் பிடிப்பேன், கையால் எழுதினால் எழுத்துகள் இடம் மாறிவிடும். குசினிக்குள் இருப்பவர்கள் எல்லாரும் தமிழர் என்பதால் ஓடர் துண்டைத் தமிழிலேயே, அதுவும் சுருக்கி, எழுதத் தொடங்கினேன். கோ என்றால் கோழி. இறா என்றால் இறால். நூ என்றால் நூடில்ஸ். சோ என்றால் சோறு. செஃப் அண்ணைக்கு அது பிடித்துவிட்டது. "பாங்குக்காரர் மாதிரி எழுதுறாய்" என்று பாராட்டினார். எல்லாம் நன்றாகத்தான் போனது, தளபதி வரும்வரை.

அமெரிக்கா போய் வந்த ஒரு வாடிக்கையாளர் மதாமிடம், "உங்களிடம் ஜெனரால் சோ கோழி இல்லையா? அங்கே ஒவ்வொரு சீனக் கடையிலும் இருக்கிறதே" என்று கேட்டுவிட்டார். இல்லை என்று சொல்வது மதாமுக்குப் பிடிக்காது. செஃப் அண்ணை தொலைபேசியில் படம் பார்த்துப் பழகினார். கோழியைப் பொரித்து, சீனியும் வினாகிரியும் காய்ந்த மிளகாயும் சேர்ந்த பாகில் புரட்டி எடுப்பது. செய்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"சண்டைக்காரன் ஒருத்தன் சீனிப்பாகிலை கோழி தின்னுவானே? இது தளபதியின்ரை சாப்பாடில்லை, தளபதியின்ரை பேரப்பிள்ளையின்ரை சாப்பாடு."

ஆனாலும் அது மெனுவில் ஏறியது. அந்த வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் பக்கத்து அலுவலகத்து ஆட்கள் ஒரு மேசை நிறைய வந்தார்கள். புதுச் சாப்பாடு என்றதும் எல்லாருக்கும் அதுவே வேண்டுமாம். நான் வழக்கம்போலச் சுருக்கி, 'சோ' என்று எழுதிக் குசினிக்குள் நீட்டினேன்.

உள்ளேயிருந்து தட்டுத் தட்டாக வெள்ளைச் சோறு வந்தது.

செஃப் அண்ணை யன்னலால் தலையை நீட்டி, "எடி பிள்ளை, இண்டைக்கு இஞ்சை அன்னதானமே?" என்று கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. அதற்குள் ஒரு நல்ல மனிதர், தளபதி எளிமையான ஆளாக்கும் என்று நினைத்து, பாதிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்திருந்தார்.

அன்று பின்னேரம் செஃப் அண்ணை சட்டம் போட்டார். "இனிமேல் சோ எண்டால் தளபதி. சோறு எண்டால் சோறு எண்டு முழுசா எழுது. இன்னும் ஒரு எழுத்து எழுதக் கை நோகுதோ?"

நானும் ஓம் என்றேன். துண்டில் சோ. குசினிக்குள் கூப்பிடுவது தளபதி. அதன் பிறகு அந்தக் குசினியில் கேட்ட பேச்சை வெளியில் நின்று கேட்டால் ஒருவன் ஓடியே போயிருப்பான். "தளபதியை வெட்டியாச்சோ?" "ரெண்டு தளபதி எண்ணெய்க்குள்ளை கிடக்கினம், பொறு." "ஆறாம் மேசைத் தளபதிக்கு உறைப்பு வேண்டாமாம்." ஒரு முறை எங்கள் ஆள் ஒருவர், வயதானவர், குசினி யன்னலுக்குப் பக்கத்து மேசையில் தனியே சூப் குடித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து செஃப் அண்ணை தன் பெரிய குரலில், "தளபதி வாறார், வழி விடுங்கோ!" என்றார். அந்த மனிதர் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டார். கோழியோடு வந்த நான் அவருக்கு முன்னால் நிற்கிறேன். அவர் என்னைப் பார்க்கிறார், கோழியைப் பார்க்கிறார்.

"இவரோ?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா."

"மெலிஞ்சு போனார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கதிரையில் இருந்தார். அன்று அவரிடம் சூப்புக்கு மதாம் காசு வாங்கவில்லை, நான் விளங்கப்படுத்தியதும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இனி அடுத்த சிக்கல். சாப்பிட வருகிறவர்கள் கேட்கத் தொடங்கினார்கள்: யார் இந்த ஜெனரால்? எனக்கு எப்படித் தெரியும்? மன்னாரில் பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். தெரியாது என்று சொன்னால் மேசையில் ஒரு ஏமாற்றம் விழும், அதைப் பார்க்க எனக்கு அந்தரமாக இருக்கும். செஃப் அண்ணையிடம் கேட்டேன். அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டே ஒரு கதை உண்டாக்கித் தந்தார். தளபதி காயப்பட்டுக் கிடந்தாராம். சாப்பிட ஒன்றும் இல்லையாம். ஒரு சிப்பாய் எங்கேயோ ஒரு கோழி பிடித்தானாம். அவனிடம் சீனியும் வினாகிரியும்தான் இருந்ததாம். அதில் சமைத்துக் கொடுக்க, தளபதி சாப்பிட்டு எழும்பி அடுத்த நாள் வென்றாராம்.

"எந்தச் சண்டை எண்டு கேட்டால்?"

"பெரிய சண்டை எண்டு சொல்லு."

நான் அதைப் பிரெஞ்சில் பாடமாக்கினேன். கூச்சக்காரிக்குப் பாடமாக்கிய கதை ஒரு ஊன்றுகோல். சொல்லச் சொல்ல நன்றாக வந்தது. ஆட்கள் விரும்பிக் கேட்டார்கள். மதாமும் தூரத்தில் நின்று தலையாட்டுவார். அவர் அதை உண்மை என்றே நம்பிவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இப்போது மெலனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதாமின் ஒரே மகள். பள்ளிக்கூடம் விட்டு வந்து மீன் தொட்டிக்குப் பக்கத்து மேசையில் வீட்டுப் பாடம் செய்து வளர்ந்த பிள்ளை. தாய் சீனத்தில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும். என்னிடம் மட்டும் பகிடிக்கு "ஓம்" என்று சொல்லும். வளர்ந்து வேலைக்குப் போய், வெய் என்ற பையனை விரும்பியது. வெய் சீனாவில் ஹுனான் என்ற மாகாணத்திலிருந்து படிக்க வந்து இங்கேயே வேலையில் இருந்தவன். நல்ல பொடியன். வந்தால் கதிரையைத் தானே அடுக்கி வைத்துவிட்டுப் போவான்.

வெய்யின் தகப்பன் பாரிசுக்கு வந்தார். மனைவி இல்லை, மகனைத் தனியே வளர்த்தவர். ஊரில் அரிசி ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு குடும்பமும் மதாமின் கடையில் சாப்பிடுவதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை அவருக்கு விமானம்.

காலையில் மெலனி என்னோடு நின்று கிளாஸ் துடைத்தது. கை ஒரே கிளாசையே துடைத்துக்கொண்டிருந்தது.

"றீற்றா, அவருக்கு என்னைப் பிடிக்கேல்லை."

"உன்னை இன்னும் ஒழுங்காய்ப் பாக்கவே இல்லையே அந்த மனுசன்."

"எனக்குச் சீனம் வராது. அம்மான்ரை சீனம் வேறை ஊர்ச் சீனம், அவருக்கு விளங்காது. பேச்சை மறந்த வீட்டிலை எப்பிடிப் பொம்பிளை எடுக்கிறது எண்டு வெய்யிட்டைக் கேட்டவராம். அவர் ஓம் எண்டு சொல்லாட்டி வெய் என்னைக் கட்டமாட்டார். தகப்பனை விட்டிட்டு ஒண்டும் செய்யமாட்டார். எனக்கு அது தெரியும்."

நான் அதன் கையிலிருந்த கிளாசை வாங்கிக்கொண்டு, அடுத்ததைக் கொடுத்தேன்.

அவர்கள் வந்தார்கள். தகப்பன் உயரமான, ஒல்லியான மனிதர். சட்டையின் மேல் பொத்தான் வரை பூட்டியிருந்தார். குசினி யன்னலுக்குள் தெரிந்த எங்கள் ஆட்களின் முகங்களை ஒரு முறை பார்த்தார். பிறகு மீன் தொட்டியைப் பார்த்தார். பிறகு சாப்பாடு வரும்வரை மேசை விரிப்பையே பார்த்தார். மதாம் தன் சீனத்தில் ஏதோ சொல்வார், அவர் வெய்யைப் பார்ப்பார். வெய் பிரெஞ்சில் மதாமைக் கேட்டு, திரும்பித் தகப்பனுக்குச் சீனத்தில் சொல்வான். ஒரு சொல் மேசையைச் சுற்றி வருவதற்குள் தேநீர் ஆறியது. மீன் வந்தது, கொஞ்சம் எடுத்தார். வாத்து வந்தது, கொஞ்சம் எடுத்தார். குச்சியை ஒழுங்காகக் கீழே வைத்தார்.

அப்போது மதாம் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். தளபதியைக் கொண்டுவா என்று அர்த்தம். ஹுனான்காரருக்கு ஹுனான் தளபதியின் கோழி: அதை மதாம் ஒரு பெரிய மரியாதையாக மனதில் வைத்திருந்தார். நான் கொண்டுவந்து வைத்தேன். வெய் மூலம் மதாம் சொன்னார்: "இது உங்கள் ஊர்த் தளபதியின் கோழி."

தகப்பன் ஒரு துண்டை எடுத்து மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். பிறகு விழுங்கினார். மகனிடம் மெதுவாக ஏதோ கேட்டார். வெய் மொழிபெயர்க்கவில்லை.

"என்ன கேட்டவர்?" என்றது மெலனி.

"இது... கோழியா, இனிப்பா எண்டு கேட்டார்."

மதாமின் கழுத்து சிவந்தது. எப்படியாவது அந்த மேசையைக் காப்பாற்ற வேண்டும் என்ற அவசரத்தில் என் பக்கம் திரும்பினார். "றீற்றா! அந்தக் கதையைச் சொல்லு. தளபதி காயப்பட்ட கதை. நீ எல்லாருக்கும் சொல்லுவாயே, அதைச் சொல்லு. வெய் மொழிபெயர்ப்பான்."

பிள்ளைகளே, இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். கதை என் நாக்கு நுனியில் நின்றது. பாடமாக்கியது, தடுமாறாது. முதலாளி சொல்லச் சொல்கிறார். ஆனால் கேட்கப்போகிறவர் அந்தத் தளபதியின் ஊர்க்காரர். யாரோ ஒரு வெளியூர்க்காரர் என் வீட்டுக்கு வந்து, என் தகப்பனைப் பற்றி எனக்கே ஒரு கட்டுக்கதை சொன்னால் எப்படியிருக்கும்? சொல்லாவிட்டாலோ, மதாமின் முகம் எல்லார் முன்னாலும் விழும். நான் ஒன்றையும் முடிவெடுக்கவில்லை. வாயைத் திறந்தபடி நின்றேன்.

தகப்பனே என்னைக் காப்பாற்றினார், தன்னை அறியாமல். தட்டை மெல்லத் தள்ளிவிட்டு ஏதோ சொன்னார். வெய் தலையைக் குனிந்துகொண்டு, "வெறும் சோறு இருந்தால் போதும் எண்டு சொல்லுறார்" என்றான்.

விருந்துக்கு வந்தவர் வெறும் சோறு கேட்பது எவ்வளவு பெரிய அடி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீடுகளிலும் அப்படித்தான். மெலனி நாப்கினைச் சுருட்டிக்கொண்டிருந்தது. நான், "உடனை கொண்டுவாறன்" என்று சொல்லிவிட்டு, தப்பினேன் பிழைத்தேன் என்று துண்டில் கிறுக்கி யன்னலுக்குள் நீட்டினேன்.  திரும்பி வந்து எல்லாருக்கும் தேநீர் ஊற்றத் தொடங்கினேன்.

அவசரப்படுகிற கை பழைய பழக்கத்தைத்தான் எழுதும். நான் 'சோ' என்று எழுதியிருந்தேன்.

செஃப் அண்ணை அந்தத் துண்டைப் பார்த்து எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். சம்பந்தி மேசையிலிருந்து இரண்டாம் முறை தளபதி கேட்கிறார்கள்! புது ஏப்ரன் கட்டினார். கடையிலேயே பெரிய தட்டை எடுத்தார். கரட்டில் ஒரு பூ செதுக்கி நடுவில் வைத்தார். வழக்கமாக யன்னலால் தருகிறவர், அன்று தானே கதவைத் தள்ளிக்கொண்டு வெளியில் வந்தார். "லு ஜெனரால்!" என்று சொல்லி, தகப்பனுக்கு நேர் முன்னால், முதல் தட்டுக்குப் பக்கத்தில், மலைபோல இன்னொரு சீனிக்கோழியை வைத்தார்.

மெலனி வெய்யைப் பார்த்தது, வெய் மதாமைப் பார்த்தான். செஃப் அண்ணை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு புன்னகையோடு நின்றார்.

உங்களுக்கும் இப்படி நடக்கும். அப்போது கை தானாகத் தட்டை எடுக்கப் போகும், வாய் தானாக, "மன்னிக்கவும், இது அடுத்த மேசைக்கு" என்று சொல்லப் போகும். என் கையும் போனது. ஆனால் அதற்கு முன்னால் தற்செயலாக அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. இவர்கள் என்னை வைத்துப் பகிடி பண்ணுகிறார்களா என்று விளங்காமல், வந்த இடத்தில் தனித்துப் போன ஒருவரின் முகம் அது. பாரிசுக்கு வந்த முதல் மாதங்களில் கடைக் கண்ணாடிகளில் நான் பார்த்த முகம். அந்த முகத்துக்கு ஒரு பொய்ச் சாட்டுச் சொன்னால் அவர் இன்னும் தனியாகத்தான் போவார்.

நான் செஃப் அண்ணையிடம், "அண்ணை, அந்தத் துண்டைத் தாங்கோ" என்றேன். அவர் ஏப்ரன் பையிலிருந்து எடுத்துத் தந்தார். அதைத் தகப்பனுக்கு முன்னால் வைத்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, வெய் இரண்டு முறை, "என்ன? என்ன?" என்று கேட்டான்.

"இது என்ரை பிழை. எங்கடை பாசையிலை நீங்கள் கேட்டதுக்குச் சோறு எண்டு பேர். நான் சுருக்கி சோ எண்டு எழுதிப்போட்டன். குசினியிலை சோ எண்டால் உங்கடை தளபதி. ஐயா சோறு கேட்டார், அண்ணை தளபதியைக் கொண்டந்திட்டார். அவ்வளவுதான். ஆரும் உங்களைப் பகிடி பண்ணேல்லை."

வெய் மொழிபெயர்த்தான். நடுவில் சிரிப்பை அடக்கினான். தகப்பன் துண்டைக் கையில் எடுத்தார். நான் எழுதிய எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"சோ?" என்றார்.

"சோறு" என்றேன்.

"சோ... லு."

"சோறு."

சோற்றுப் பாத்திரத்தைக் காட்டுவது போல் கையைக் குவித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ஓம் என்று தலையாட்டினேன். அந்த மனிதர் சிரித்தார். வந்ததிலிருந்து மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர், தோள் குலுங்கச் சிரித்து, மேல் பொத்தானைக் கழற்றினார்.

"உங்கடை பாசைதான் சரியாய்ச் சொல்லியிருக்கு எண்டு சொல்லுறார்" என்றான் வெய். "அந்தத் தளபதி எண்டால் சோறுதானாம்."

பிறகு அவர் பேசத் தொடங்கினார். நிறுத்தவே இல்லை. அந்தத் தளபதி அவருடைய ஊருக்குப் பக்கத்து ஆளாம். சின்ன வயதில் சிப்பாயாகப் போனவர் இல்லை. தலைநகரத்துப் பெரிய சோதனையை எழுதப் போனாராம். மூன்று முறை போய் மூன்று முறையும் பெயில்.

"அப்ப எங்கடை ஆள்தான்" என்றார் செஃப் அண்ணை.

வீட்டுக்குத் திரும்பி வந்து தோட்டம் செய்தாராம். தேயிலை வைத்தாராம், பட்டுப்புழு வளர்த்தாராம், ஆற்றங்கரைக் கமக்காரன் என்று தன்னையே சொல்லிக்கொள்வாராம். ராத்திரியில் நாட்டின் வரைபடங்களையும் ஆறுகளையும் பற்றிப் படிப்பாராம். நாற்பது வயதுக்குக் கிட்ட, நாடு முழுக்கக் கலகம் எழும்பின நேரத்தில்தான் அவரைப் படைக்குக் கூப்பிட்டார்களாம். அதற்குப் பிறகு ஒரு சண்டை முடிய மற்றச் சண்டை. கடற்கரையில் ஒரு கப்பல் பட்டறை கட்டினபோது பிரெஞ்சுக்காரரை வைத்துத்தான் வேலை பழக்கினாராம்.

"பிறகு கிழவனான காலத்திலை பிரெஞ்சுக்காரரோடையே சண்டைக்கும் நிண்டவர்" என்று சொல்லிவிட்டுத் தகப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார், பாரிசில் இதைச் சொல்லலாமோ என்பது போல. மெலனி பிரெஞ்சில், "பரவாயில்லை, நாங்கள் அவையளுக்குச் சொல்லமாட்டம்" என்றது. வெய் அதை மொழிபெயர்த்தான். தகப்பன் முதல் முறையாக அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார்.

ஆனால் அவர் சொல்ல வந்த முக்கியமான இடம் வேறு. வயதான பிறகு அந்தத் தளபதியை வடமேற்கே, பாலைவனத்துக்கு அனுப்பினார்களாம். எல்லாரும் கெதியாய்ப் போ, கெதியாய்ப் போ என்றார்களாம். அவர் ஓடவில்லை. போகிற வழியில் நிறுத்தி, சிப்பாய்களை மண்வெட்டி பிடிக்க வைத்து, பயிர் செய்தாராம். தானியம் களஞ்சியத்துக்கு வந்த பிறகுதான் அடுத்த அடி. மெல்லப் போ, சண்டை வந்தால் கெதியாய் முடி என்பதுதான் அவருடைய வழியாம். தெருவோரமெல்லாம் மரம் நட்டாராம். தன் சவப்பெட்டியையும் கூடவே தூக்கிக்கொண்டு போனாராம்.

"படை நடக்க முதல் தானியம் நடக்கவேணும் எண்டு எங்கடை ஊரிலை சொல்லுவம்" என்றார் தகப்பன். "நான் காலம் முழுக்க அரிசி ஆலையிலை நிண்டவன். எனக்கு அந்த மனுசனை விளங்கும்."

பிறகு அந்தத் துண்டை மெல்ல மடித்தார். "அவர் போன வழியிலை இருந்த சனம் அவரை இப்பிடிச் சொல்லாது. அங்கை ஊர் ஊராய் அழிஞ்சது" என்றார். வெய் அதைத் தாழ்ந்த குரலில் சொன்னான். மதாமும் நானும் செஃப் அண்ணையும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அதை எங்கள் மூவருக்கும் ஒருவரும் விளக்கத் தேவையில்லை.

"அப்ப இந்தக் கோழி?" என்றார் மதாம் கடைசியில்.

தகப்பன் கையை விரித்தார். தளபதி இதைக் கண்ணாலும் கண்டதில்லையாம். வெய் தொலைபேசியில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: ஹுனானிலிருந்து தாய்வானுக்குப் போன ஒரு சமையல்காரர், தளபதி செத்து எவ்வளவோ காலத்துக்குப் பிறகு, இதைச் செய்து பெயர் வைத்தாராம். அவர் செய்தது உறைப்பும் புளிப்பும். சீனி சேர்ந்தது அமெரிக்காவில்.

"நான் சொல்லேல்லையோ!" என்று செஃப் அண்ணை போட்ட சத்தத்தில் மீன்கள் தொட்டிக்குள் ஒரு சுற்றுச் சுற்றின. "சண்டைக்காரன் சீனி தின்னமாட்டான் எண்டு முதல் நாளே நான் சொன்னனான்!"

"அப்ப அந்தச் சிப்பாய்?" என்று மதாம் என்னைப் பார்த்தார். நான் செஃப் அண்ணையைப் பார்த்தேன். செஃப் அண்ணை கரட் பூவைப் பார்த்தார். மதாமுக்கு விளங்கியது. சிரிக்காமல் இருக்க வாயைக் கையால் மூடினார்.

தகப்பன் மகனிடம் மெதுவாக ஒன்று கேட்டார். இம்முறை வெய் உடனே மொழிபெயர்த்தான். "குசினியிலை நிக்கிறவை மத்தியானம் என்ன சாப்பிடுறவை எண்டு கேக்கிறார். அந்த வாசம் வருகுதாம். இஞ்சை வந்த நாளிலை இருந்து உறைப்பாய் ஒண்டும் சாப்பிடேல்லையாம்."

எங்கள் கறி வாசம் சாலுக்குள் வரக் கூடாது என்பது மதாமின் முதல் சட்டம். கதவுக்குக் கீழே துணி வைத்து அடைப்போம். மதாம் ஒரு கணம்தான் யோசித்தார். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய், றீற்றா? போய்க் கொண்டா. சட்டியோடை."

செஃப் அண்ணையின் யாழ்ப்பாணக் கோழிக்கறி வந்தது, கூடவே சோறு. நானே போட்டுக்கொண்டு வந்தேன், எழுதவில்லை. அந்த மனிதர் சாப்பிட்டார். நெற்றியில் வேர்வை, மூக்கில் தண்ணீர். நிறுத்தவில்லை. மதாமும் சாப்பிட்டார், அத்தனை வருடத்தில் முதல் முறையாக. இருமி இருமித் தண்ணீர் குடித்தார். மெலனி சின்ன வயதிலிருந்து என்னிடம் களவாக வாங்கித் தின்ற கறி அது, கண்ணே கலங்காமல் சாப்பிட்டது.

தகப்பன் அதைக் கவனித்தார். சட்டியிலிருந்து நல்ல துண்டு ஒன்றைத் தன் குச்சியால் எடுத்து, மெலனியின் கிண்ணத்தில், சோற்றின் மேல் வைத்தார்.  வெய்யின் கண் நிறைந்துவிட்டது. மதாம் மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்து நசித்தார். தன் கிண்ணத்துக்குப் போக வேண்டியதை மற்றவரின் கிண்ணத்தில் வைப்பது அவர்களுக்கு எத்தனை பெரிய சொல் என்று பிறகு மதாம் சொன்னார். அப்போதே எனக்கு அது விளங்கியிருந்தது.

கலியாண விருந்து அதே கடையில் நடந்தது. சீன விருந்தில் சோறு கடைசியாகத்தான் வரும். அது வந்தபோது, ஊரிலிருந்து மறுபடி வந்திருந்த தகப்பன் எழுந்து, கிண்ணத்தைக் குசினி யன்னல் பக்கம் உயர்த்தி, "சோ!" என்று கூப்பிட்டார். உள்ளேயிருந்து எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒரே குரலில், "தளபதி ரெடி!" என்றார்கள். விருந்துக்கு வந்திருந்தவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

அதற்குப் பிறகு ஆராவது தளபதியைப் பற்றிக் கேட்டால், ஒரு கமக்காரர், சோதனையில் மூன்று முறை பெயில் விட்டவர், சோறு இல்லாமல் ஓரடியும் நகராதவர் என்று சொல்வேன். காயப்பட்ட கதையை விட இதற்குத்தான் ஆட்கள் கூடச் சிரித்தார்கள். முழங்கால் இனி முடியாது என்று நான் போன வருடம் வேலையை விட்டு நின்றேன். பாரிசுக்கு வெளியே, பொண்டியில், வீட்டில் இருக்கிறேன். மெலனியின் பிள்ளை வந்தால், "ஓம்" என்று சொல்லப் பழக்குகிறேன்.

நீங்களும் உங்கள் துண்டுகளில் உங்களுக்கென்று ஒரு சுருக்கெழுத்து உண்டாக்குவீர்கள். உண்டாக்குங்கள், வேலை கெதியாகப் போகும். கோழியைச் சுருக்குங்கள், இறாலைச் சுருக்குங்கள், தளபதியையும் வேண்டியமட்டும் சுருக்குங்கள். சோறு என்று மட்டும் முழுதாக எழுதுங்கள்.